முதுகு ஊசி வேண்டாம், அண்ணி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டது. தகவல் தந்தவர் ஸ்கேன் டாக்டர், இன்று காலை, திரையைக் காட்டி. போன வாரம் வரை உட்கார்ந்தபடி அடம்பிடித்த ஆள் ஒருவழியாக மனம் மாறிவிட்டார். உங்கள் தம்பி திரையைப் பார்த்து, "மூக்கு அப்படியே எங்க அக்கா மூக்கு" என்றார். அவர் காட்டியது முழங்கால் என்று டாக்டர் சொன்னார். சிரித்துவிட்டு மேலே படியுங்கள், ஏனென்றால் அடுத்த விஷயம் உங்களுக்குப் பிடிக்காது.

பிரசவ வலிக்கு நான் எந்த மருந்தும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. முதுகில் போடும் ஊசியும் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில்தான் பெறுவேன், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்று பயந்துவிடாதீர்கள். ரத்தம் அதிகம் போனாலோ, குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ, அவர்கள் என்ன சொன்னாலும் செய்துகொள்வேன், ஆபரேஷன் உட்பட. எல்லாம் சரியாக இருக்கும்வரை, வலிக்கென்று மட்டும் ஒன்றும் வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் டாக்டராகப் பேசுவீர்கள், நான் நிருபராகக் குறுக்குக் கேள்வி கேட்பேன், உங்கள் தம்பி இரண்டு பக்கமும் தலையாட்டுவார். கடிதத்தில்தான் நாம் அண்ணியும் தம்பி மனைவியுமாக இருக்கிறோம்.

கால் வீங்கியிருக்கிறது. உங்கள் தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். செய்தி ஆசிரியர் மட்டும், "நாளைலேர்ந்து அவரோட சட்டையையும் போட்டுட்டு வந்துடும்மா" என்றார்.

அன்புடன்,
உங்கள் நிருபர்


பிப்ரவரி 14

அன்புள்ள நிருபர் அம்மாவுக்கு,

இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில், உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். மூக்கு விஷயத்தில் தம்பியை மன்னித்துவிட்டேன். மற்றதற்குக் கொஞ்சம் நாளாகும்.

யார் யாரோ பெற்ற பெண்களுக்கெல்லாம் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மயக்க மருந்து டாக்டரான என் வேலை. வீட்டுப் பெண் மட்டும் என் ஊசி வேண்டாம் என்கிறாள். ஆற்றாமையில் எங்கள் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். "உங்க கடையில உங்க வீட்டுக்காரங்களே சாமான் வாங்க மாட்டேங்குறாங்களா, டாக்டர்?" என்று கேட்டாள். அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

டாக்டராக ஒரே ஒரு பத்தி மட்டும் எழுதிக்கொள்கிறேன். இந்த ஊசி உன்னைத் தூங்க வைக்காது. நீ பேசலாம், பார்க்கலாம், முக்கலாம், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்கலாம். வலிதான் அடங்கும்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. அதனால்தான் மனசு உறுத்துகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாலாம் மாதத்தில் துடிப்பு நின்றுபோன பிள்ளையை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். உன்னை முழுசாகத் தூங்க வைத்தது நான். வேறு யார் கையிலும் உன்னை விட எனக்கு மனசு வரவில்லை. கண் விழித்ததும், "முடிஞ்சுதா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீயும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது நீ வேண்டாம் என்பது ஊசியையா, என்னையா?

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? கல்யாணமாகி வந்த முதல் வாரம், நான் தீய்த்த பாத்திரத்தை யாருக்கும் தெரியாமல் தேய்த்து வைத்தவர் நீங்கள். இந்த வீட்டில் எனக்கு வாய்த்த முதல் ஆள் நீங்கள்தான், உங்கள் தம்பி அதற்கு அடுத்துதான். அவரிடம் இதைக் காட்ட வேண்டாம்.

அந்த நாளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தத் தடவை என் உடம்பில் நடப்பது எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். ஊசி தூங்க வைக்காது என்று என் மூளைக்குத் தெரியும். உடம்பு மூளை பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை.

இங்கே டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முதல் பிரசவம். பாதி வழியில கேப்பீங்க, எல்லாரும் கேப்பாங்க" என்றார். கேட்டால் கொடுங்கள், நீங்களாக நீட்டாதீர்கள் என்றேன். பிரசவ அறையின் பெரிய சிஸ்டர் என் பக்கம். "நடங்க, குனிங்க, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, யாரு வேணாம்னா? துடிப்பு பாக்குறப்ப மட்டும் அசையாம இருந்தா போதும்" என்றார்.

மூச்சுப் பயிற்சிக்கு உங்கள் தம்பியும் வருகிறார். சொல்லித் தருகிற பெண் ஊதச் சொன்னால் என்னைவிட வேகமாக ஊதுகிறார். நேற்று அவருக்குத் தலை சுற்றிவிட்டது. எனக்கென்று போட்டிருந்த பாயில் அவரைப் படுக்கவைத்து நான் விசிறினேன்.

அன்புடன்,
உங்கள் நிருபர்


பிப்ரவரி 25

அன்புள்ள நிருபர் அம்மாவுக்கு,

சரி. உன் உடம்பு, உன் பிள்ளை. இனி ஊசி என்ற வார்த்தையை எடுக்கமாட்டேன்.

உன் ஆஸ்பத்திரியில் என்னோடு படித்தவள் ஒருத்தி மயக்க மருந்து டாக்டராக இருக்கிறாள். நல்ல கை, நல்ல மனசு, கொஞ்சம் வளவளவென்று பேசுவாள். உன்னை எட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். எனக்கு லீவு பிரசவத்துக்குப் பிறகுதான் தருவார்கள் போலிருக்கிறது. கூட இருக்க முடியாத குறைக்கு அவளாவது இருக்கட்டும்.

என் தம்பியை மூச்சு விடாமல் நிற்கச் சொல். அது போதும்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். எடை பார்த்துச் சொன்னவர் பெரிய சிஸ்டர். பிறந்த சத்தத்தை நீங்களே போனில் கேட்டீர்கள். ஆனாலும் எனக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. உங்கள் தம்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார், என்னைத் தவிர. தெருமுனை போய்த் திரும்பி வந்தார்.

வலியைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். இடுப்பின் பின்பக்கம் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் சுற்றி வந்து, முன்னால் முடிச்சுப் போட்டு இறுக்கும். பிறகு யாரோ அவிழ்த்துவிட்டது போல ஒன்றுமே இருக்காது. அந்த இடைவெளியில், வீட்டைப் பூட்டினீர்களா இல்லையா என்று அவரோடு சண்டை போட்டேன். சுவரில் நெற்றியை வைத்து நின்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றேன். மதியத்துக்கு மேல் இடைவெளி காணாமல் போனது.

உங்கள் தோழி நல்லவர்தான். ஆனால் அவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பின்னாலேயே ஊசித் தட்டும் வந்தது. "வேணுமாம்மா? உங்க அண்ணி ரொம்பச் சொல்லியிருக்காங்க. என்கிட்ட கூச்சப்படாதீங்க" என்பார். வேண்டாம் என்பேன். போவார். அடுத்த வலிக்கு மறுபடி தட்டு. கடைசியில் எனக்குக் கால் நடுங்கியது, குமட்டியது, இனி முடியாது என்று வாய்விட்டே சொன்னேன். சரியாக அந்த நேரம் கதவு திறந்து தட்டு உள்ளே வந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கையை நீட்டியிருப்பேன். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. "எங்க அண்ணிக்கு போன் போடுங்க!" என்று நான் கத்தியது வரவேற்பு மேசை வரை கேட்டதாம்.

"அண்ணி, இந்தத் தட்டை வெளியில கொண்டுபோகச் சொல்லுங்க. பாத்தா கேட்டுடுவேன்." இதுதான் நான் சொன்னது. நீங்கள் தோழியிடம், "கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கு?" என்றீர்கள். "ஒன்பது சென்டிமீட்டர், இன்னும் கொஞ்சம்தான்" என்றார். "தட்டை வெளியில வை. நீ மட்டும் உள்ள இரு." அவர் அப்படியே செய்தார். என் முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார், பேசாமல். போன் தலையணை மேலேயே கிடந்தது.

பிறகு எரிந்தது. "முக்காதீங்க, ஊதுங்க, ஊதுங்க" என்றார் சிஸ்டர். கையைக் கீழே கொண்டுபோனேன். ஈரமான முடி தட்டுப்பட்டது. அடுத்த வலியில் தலை, அதற்கடுத்து அவள். அவள் வருவதை நான் பார்த்தேன், அண்ணி. நீலமாக வந்து, என் கண் முன்னால் சிவப்பாக மாறினாள்.

கிழிந்த இடத்தில் தையல் போட மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். கொள்கை பிரசவம் வரைக்கும்தான்.

தட்டு விஷயத்தில் உங்கள் மேல் வந்த கோபத்தில் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நிருபர்


மார்ச் 17

அன்புள்ள நிருபர் அம்மாவுக்கு,

தோழியைத் திட்டாதே. "என் தம்பி பொண்டாட்டி, கஷ்டப்பட விட்டுடாதே" என்று அவளிடம் நான்தான் சொன்னேன். மயக்க மருந்து டாக்டரிடம் அப்படிச் சொன்னால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தத் தட்டுதான். எனக்கும் அது ஒன்றுதான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

நீ கூப்பிட்டபோது உடை மாற்றும் அறையில், செருப்பு மாற்றுகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் நான் முழுப் பிரசவச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. நான் போகும்போது கத்திக்கொண்டிருப்பார்கள். ஊசி வேலை செய்ததும் அறை அமைதியாகிவிடும். அடுத்த அறைக்குப் போய்விடுவேன். உன் சத்தத்தைத்தான் முதன்முதலாகக் கடைசிவரை கேட்டேன். சிஸ்டர் வந்து, "டாக்டர், கேஸ் ரெடி" என்றாள். "இரும்மா, இங்க ஒண்ணு நடந்துகிட்டிருக்கு" என்றேன். குழந்தை அழுததும் அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆனால் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று தோன்றுகிறது. பிப்ரவரியில் நான் கேட்ட கேள்விக்கு நீ பாதிதான் பதில் சொன்னாய். அன்றைக்கு உன்னைத் தூங்க வைத்ததற்கு என் மேல் வருத்தமா? வருத்தம் என்றால் சொல்லிவிடு. வந்து குழந்தையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

தொப்புள் கொடி இன்று உலர்ந்து விழுந்தது. முதலில் பார்த்தவர் உங்கள் தம்பி. "ஐயோ, பிள்ளைலேர்ந்து ஏதோ கழண்டு விழுந்துடுச்சு!" என்று ஓடிவந்தார். குழந்தை நலம். அவர் தேறிவருகிறார்.

தட்டுக் கோபம் தீர்ந்துவிட்டது. அந்த நாளுக்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. அன்று கண் மூடும்போது உங்கள் கை என் நெற்றியில் இருந்தது; திறந்தபோதும் இருந்தது. அந்தக் கை இல்லாமல் நான் கண்ணைத் திறந்திருக்கவே மாட்டேன் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரியாதது நடுவில் நடந்ததுதான். விஷயம் தெரிந்தவர்களெல்லாம், "மறந்துடு" என்றார்கள். எதை மறப்பது? நான் பார்க்கவே இல்லையே. உங்களிடம் கேட்டால் உங்களுக்கு வலிக்கும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வலிக்கும் என்று நீங்கள் சொல்லவில்லை. இப்படியே இரண்டு வருஷம் போய்விட்டது.

அந்த அறையில் நம் வீட்டு ஆட்களில் விழித்திருந்தது நீங்கள் ஒருவர்தான். அந்தப் பிள்ளையைப் பார்த்தவரும் நீங்கள் ஒருவர்தான். இவள் வந்ததை நான் பார்த்தபடியே உங்களுக்கு எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளை போனதை நீங்கள் பார்த்தபடியே எனக்குச் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்று தெரிந்ததா, யார் கையில் வாங்கினார்கள், எதில் சுற்றினார்கள், எங்கே கொண்டுபோனார்கள். எனக்காக எதையும் மெல்லமாக்க வேண்டாம். கடிதத்திலும் வேண்டாம். நேரில்.

ஸ்டேஷனுக்கு உங்கள் தம்பி வருவார். குளித்துவிட்டு முதலில் குழந்தையைத் தூக்குங்கள், போதும் போதும் என்கிறவரை வைத்திருங்கள். மதியம் பால் குடித்ததும் அவள் நன்றாகத் தூங்குவாள். அவரைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். உள் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன், இரண்டு பேர் சாய்ந்து உட்காரலாம்.

எனக்கு இன்னும் தெரிய வேண்டியது அந்த ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நிருபர்