தொட்டி மணி அடித்தது

முத்தையாபுரம்

அன்பு மகன் அனிஷுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உன் இருமல் நின்றதா? வார்டன் வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் வீட்டுக்கே திரும்பச் சொல்லி நீ அனுப்பிய டிக்கெட் கிடைத்தது.

விடுதித் தண்ணீர்த்தொட்டி நிறைந்தால் மணி அடிக்க ஒரு சர்க்யூட் செய்தேன். தொட்டி நிறைந்ததும் சிக்னல் தரும் ஆப்டோகப்ளரில், மணியை இயக்கும் ரிலே ஸ்விட்சை நேராக இணைத்ததால் அது அசையவில்லை. எலக்ட்ரீசியன் மகாராஜன் சிரித்தான்.

"வார்டனம்மா, மவன் வீட்டுல போயி ஜெபமாலை சொல்லுங்க."

"ஏலே, நான் கான்வென்ட் மதர்கிட்ட பிசிக்ஸ் படிச்சவ. ஆப்டோகப்ளர் தார கரண்டு ரிலேயை இழுக்கப் பத்தாது. நடுவுல கரண்டைப் பெருக்க டிரான்சிஸ்டர் வேணும்."

டிரான்சிஸ்டரை வைத்து, ரிலே அணையும்போது கரண்டு திருப்பி அடிக்காமலிருக்க அதன் காயிலுக்குக் குறுக்கே டையோடும் பற்றவைத்தேன். மணி அடித்தது. மகாராஜனே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான்.

அப்பாவின் பூதக்கண்ணாடியை அனுப்பு. பேத்தி ஜெஸ்லின் வரைந்த படம் ஏதாவது இருந்தால் அதையும் வை. என் அறைச் சுவர் வெறுமையாக இருக்கிறது.

சாப்பாட்டு நேரம், விடுதிப் பெண்கள் காத்திருக்கிறார்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

அம்மா,
ஹில்டா