அக்காவுக்கு முன்னே போன கால்

என் செல்ல எக்கா,

சாரல் தொடங்கிவிட்டது. நேற்று மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தேன். மலைப்பக்கமிருந்து காற்று வந்து ஷட்டரை அசைத்தது, பின்னாலேயே பூத்தூறல். தெருவில் போன ஒரு பெண் குடையை விரிக்காமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சட்டென்று உன் பெயர் வாய்க்கு வந்துவிட்டது. ரூபி அக்கா என்று கூப்பிட்டால் இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது இந்த வாய்க்கு இன்னும் பழகவில்லை.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். ஈஸ்டர் முடிந்ததிலிருந்தே வைத்திருக்கிறேன். உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நீ தென்காசியில் அங்கன்வாடி டீச்சராக இருந்தாய். சொந்தமாகப் பிள்ளை இல்லை. ஆனால் உன்னோடு கடைத்தெருவுக்குப் போனால் வீடு திரும்ப நேரமாகும். எந்தப் பிள்ளையாவது ஓடி வந்து உன் சேலையைப் பிடிக்கும், அதற்கு நீ மூக்கைத் துடைத்துவிட வேண்டும். அத்தான் அரசு பஸ் டிரைவர். அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து நீயே பேசினாய்.

சர்க்கரை உன்னை விடவில்லை. புதுச் செருப்பு கடித்த சின்னப் புண்தான். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்றார்கள். எடுத்தார்கள்.

வெட்டிய காலை வெள்ளைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து எங்களிடமே கொடுத்தார்கள். அத்தான் கையை நீட்டப் பார்த்தார், அவரால் முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். வாடகைக் காரில் தென்காசி வரை மடியிலேயே வைத்திருந்தேன். ஆலங்குளம் தாண்டும்போது டிரைவர் கேட்டார்: "பெட்டில என்ன சார், பூச்செடியா?" ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் சின்னக் குழி வெட்டினோம். போதகர் ஐயா வந்து, முழு மனுஷியை அடக்கம் செய்யும் மரியாதையோடு ஜெபம் பண்ணினார். மறுநாள் உன் கட்டிலருகே நின்றபோது எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நீதான் கேட்டாய்.

"காலை எங்கன வச்சீங்கலே?"

"அம்மாவுக்குப் பக்கத்துல."

"தலைமாடா, கால்மாடா?"

"கால்மாடு."

"அப்பம் சரி. எழும்புத அன்னைக்கு அம்மை அதை எடுத்துக் கையில வச்சிருப்பா. நான் தேடி அலைய வேண்டாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் உன்னைப் பார்த்தாள். அத்தான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். மரித்தவர்கள் எழும்புவார்கள் என்று நம் சபையில் எல்லாரும்தான் சொல்கிறோம். ஆறரை பஸ் வரும் என்று சொல்வதைப்போல அதைச் சொன்ன ஒரே ஆள் நீதான்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகணும் என்று அடம்பிடித்தாய். "ஒத்தக் காலோட வழுக்கி விழவா?" என்று அத்தான் அதட்டினார். நீ கேட்டால்தானே. கூட்டமில்லாத ஒரு காலையில் ஆட்டோ பிடித்துப் பேரருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் நாங்கள் வர முடியாது. ஊன்றுகோலோடு நீ தயங்கி நின்றபோது, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்திருந்த பெண்கள் உன்னைப் பார்த்துவிட்டார்கள். கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, ஒருத்தி ஊன்றுகோலை வாங்கிக்கொண்டாள். அருவி உன்னை மூடிக்கொண்டது. "தெரியாத ஆளுககிட்ட விட்டுட்டோமே" என்று அத்தான் புலம்பிக்கொண்டே இருந்தார்.

நீ வெளியே வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பல் தந்தியடிக்கிறது, முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே செல்வின், ரெண்டு காலும் குளிருதுலே!"

"அது நரம்பு செய்யுத வேலைக்கா. இல்லாத காலு இருக்க மாதிரியே தோணும்னு டாக்டர் சொன்னாருல்லா."

"டாக்டருக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தக் காலு இன்னும் என்னுதுதாம்லே. ஆத்துமா மட்டும் மோட்சம் போகும்னா எனக்கு அது போதாது. ஆத்துமா அருவில குளிக்குமா, சொல்லு? இந்த உடம்பை ஆண்டவர்தான உண்டாக்குனாரு? அவரு சும்மா விட்டுருவாரா?"

நான் துண்டை நீட்டினேன்.

அதற்குப் பின் நீ அதிக காலம் இல்லை. உன் சிறுநீரகம் கைவிட்டது. உனக்குக் குழி வெட்ட வந்தவரிடம், அந்தச் சின்னக் குழியும் இதற்குள்ளேயே வரட்டும் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார்.

அக்கா, அதற்கப்புறம் எனக்கு வாய் கட்டிப்போனது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்து நின்று விசுவாசத்தை அறிக்கையிடும்போது, உடம்பு உயிர்த்தெழும் என்ற இடம் வந்ததும் என் உதடு ஒட்டிக்கொள்ளும். மண்ணை நான் பார்த்தவன். என் கையால் போட்டவன். எப்படிச் சொல்ல? அத்தானோ கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கல்லறைத் தோட்டத்துப் பக்கமும் போகவில்லை. "நீ பாடிட்டு வா மாப்ளே, எனக்குப் பாட்டு வரல" என்பார். பிடிவாதமாகக் கூட இல்லை, களைப்பாகச் சொல்வார்.

இந்த ஈஸ்டருக்கும் விடியுமுன்னே அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வரவில்லை என்றார். கல்லறைத் தோட்டத்துக்கு நான் மட்டும் போனேன். மெழுகுவர்த்தியும் பூவுமாகச் சனம் நிறைந்திருந்தது. உன் கல்லறையில் நான் பிச்சிப்பூ வைத்தேன். போதகர் ஐயா, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்றார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கிழக்கு வெளுக்கும் நேரம், கேட்டைத் தாண்டி அத்தான் வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். யாரையும் பார்க்காமல் நேரே உன்னிடம் வந்து, கல்லின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஏட்டி ரூபி! விடிஞ்சிட்டு, எந்திரிட்டி!"

அத்தனை சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முதல் டிரிப்புக்குக் கிளம்பும் முன் கட்டில் சட்டத்தைத் தட்டி உன்னை எழுப்புவது அப்படித்தானாம். பின்னால் அவரே சொன்னார். கலியாணமான நாளிலிருந்து வண்டி ஓட்டிய காலம் முழுவதும் அப்படித்தானாம்.

நீ எழுந்திருக்கவில்லை. அத்தான் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்திக்க மாட்டேங்கா மாப்ளே."

"எந்திப்பா அத்தான்," என்றேன். "இன்னும் நேரம் வரல. வரும். அவரு எந்திச்சாருல்லா? இவளையும் எழுப்புவாரு. இவ எந்திப்பா."

என் காதால் என் குரலைக் கேட்டேன் அக்கா. அவரைத் தேற்றச் சொன்ன பொய்யாக அது இல்லை. சொல்லச் சொல்ல எனக்குள் எங்கோ கெட்டித்துக் கிடந்தது இளகிக்கொண்டு வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தோஷம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அத்தான் என் முகத்தையே பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதியா?" என்று கேட்டார். நெசமாத்தான் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரோ விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினார்கள். வெயில் வந்தது.

எப்படி என்று என்னைக் கேட்காதே. மண்ணும் எலும்பும் எப்படி மறுபடி நீயாகும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நம்பிக்கை வந்தால் ஏக்கம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது போகவில்லை. சில நாள் முன்னைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் இது பஸ் ஸ்டாண்டில் ஊரிலிருந்து வருகிறவருக்காக நிற்பதைப் போன்ற ஏக்கம். கால் கடுக்கும், எட்டி எட்டிப் பார்க்கத் தோன்றும், வீட்டுக்குத் திரும்பிப் போகத் தோன்றாது.

அத்தான் இப்போது ஞாயிறுதோறும் கோயிலுக்கு வருகிறார், பின் வரிசையில் உட்காருகிறார். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. போன வாரம் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "நான் போய்ச் சேரதுக்குள்ள இன்னும் கிழவனாயிருவேன் மாப்ளே. தலையும் வழுக்கை. அவளுக்கு என்னைய அடையாளம் தெரியுமா?" என் பெண்டாட்டி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு நீதான் பதில் சொல்லணும். தெரியும்தானே?

அவரைத் தனியாக விடமாட்டேன் அக்கா. இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. அவர் சோர்ந்துபோகிற நாளில், நீ எந்திப்பாய் என்று நான் உரக்கச் சொல்வேன். நான் சோர்ந்தால் அவர் சொல்லட்டும். உன்னை எழுப்பும் குரல் கேட்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

உன் முகத்தை மறுபடி பார்க்கப்போகிற,
உன் கூடப்பிறந்த தம்பி
செல்வின்