மெயினை அணைக்காமல்

மே 4, திங்கள்
சாயங்காலம் சூறைக்காற்று, ஆலங்கட்டி மழை. முருங்கை முறிந்து, கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் கரண்ட் ஒயர் அறுந்துவிட்டது. வேலிமேல் கிடக்கிறது.

எதிர்வீட்டு அக்கா அங்கிருந்தே, "கிட்டப் போயிராதீங்க அம்மிணி. கரண்ட் இருந்தாலும் இருக்கும்." போகவில்லை. கரண்ட் ஆபீசுக்குச் சொல்லியாயிற்று. போனில் சார்ஜ் 6 சதவீதம்.

மே 5, செவ்வாய்
வெயில். ஊரிலேயே கரண்ட் இல்லை.

முருங்கைக்கீரை ஆய்ந்து நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். மாவு பொங்கி வழிந்துவிட்டது. ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு மாவு ஆட்டினேன், தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் போர்வெல் தோண்டும் போர் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் போய் நாலு மாதம். அங்கே சிக்னல் கிடைப்பது தினமும் நாலு மணிக்குத்தான். இன்று அழைத்திருப்பார். போன் செத்துக் கிடக்கிறது. நாள் முழுக்க ஒருவரிடமும் பத்து வார்த்தை பேசவில்லை.

மே 6, புதன்
நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

மதியம் மூன்றரைக்கு லைன்மேன் முருகேசன் வந்தார். "டிரான்ஸ்பார்மர்ல ஆஃப் பண்ணிட்டுத்தானுங்க வாரேன்." அறுந்த ஒயரைக் கீழேயே முறுக்கி இணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறினார். நான் உள்ளே போனேன்.

மணி மூன்றே முக்கால்; நாலுக்கு அவர் அழைப்பார். பின்கட்டில் ஜெனரேட்டர், போர் வண்டியிலிருந்து அவர் கொண்டுவந்தது; பெட்ரோல் இன்றுதான் கிடைத்தது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர், அவர் கைவேலை. ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவரில். வீடு முழுக்க லைட் எரியும். முதலில் மெயினை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் கம்பத்துக்கும் போய்விடும். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

நாலு மணி நினைப்பில் அணைக்க மறந்துவிட்டேன். ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன். லைட் எரிந்தது. சந்தோஷமாகப் போனைச் சொருகினேன்.

போன் திரை விழித்த நேரம் வெளியே ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் முருகேசன் கம்பத்தில் இடுப்புக் கயிற்றில் தொங்குகிறார்.

"ஜெனரேட்டர நிறுத்துங்க மொதல்ல," என்று அக்கா. நிறுத்தினேன். அப்புறம்தான் ஏணி வைத்து இறக்கினார்கள். உயிர் இருக்கிறது. வலது உள்ளங்கை வெந்துவிட்டது.

"மெயினை அமத்தலீங்களா?" என்றார் முருகேசன், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கொஞ்ச சார்ஜிலேயே நாலு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை.

மே 7, வியாழன்
ரொட்டி, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு முருகேசன் வீட்டுக்கு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் நின்று, "என்னாலதானுங்க," என்றேன். அவர் சம்சாரம் நிமிர்ந்து பார்த்தது. "அவரு சொன்னாருங்க. உசுரு தப்புச்சுதே, அது போதும். உள்ள வந்து உக்காருங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முருகேசன் உட்கார்ந்திருந்தார். சம்சாரம் ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டியது. "காரமா இருக்குதுங்களா?" "இல்ல." மறுபடி ஒரு வாய்.

நான் வேக வைத்த கை. எனக்குப் பொறாமையாக இருந்தது.