பெண்கள் பீலி

கீழ்ப் பிரிவு லயம்,
தெரணியகலை.
7.10.2005

அன்பு மகள் சசிக்கு,

அப்பா வேலாண்டி சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். முட்டிவலியைத் தவிர நான் சுகம். வத்தளையில் உன் தையல் வேலையும் உடம்பும் நன்றாக இருக்க மாரியம்மாளைக் கும்பிடுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. கூரைத் தகரம் இரண்டை மாற்றிவிட்டேன், நீ படுக்கிற இடத்தில் இனி ஒழுகாது.

மகள் என்று சொன்னதும் எழுதுகிற கை நின்றுவிட்டது. திரும்பவும் சொன்னேன். அப்புறம்தான் எழுதியது.

மகனாகப் பிறந்த நீ கொழும்புக்குப் போய், மகளாகச் சேலை கட்டி வந்து நின்ற அந்தத் தீபாவளி ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு வருஷமாகியும் எனக்கு எதுவும் மறக்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பெண்கள் பீலிக்குக் குளிக்கப் போனாய். மலைத்தண்ணீர் கொட்டுகிற அந்த இடத்திலே, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா ஜீவராணி உன்னை மறித்துத் திருப்பி அனுப்பினாள். நீ என்னிடம் வந்தாய். ஆம்பளைப் பீலிக்குப் போ என்று சொன்னது நான்தான். அங்கே உன் பாவாடையைப் பிடித்து இழுத்தவர்கள் நாலு பேர். நின்று சிரித்தவர்கள் ஏழு பேர். கேட்டால் இப்போதும் பெயர் சொல்லுவேன். எண்ணெய்த் தலையோடு ரப்பர் மலை வழியாக இறங்கி நீ பஸ் ஏறிவிட்டாய். என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனிச் சந்தோஷமான செய்தி. செவ்வாய்க்கிழமை, தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் குளிக்க வரும் நேரம் பார்த்து, பீலிக்கு மேலே உள்ள ரோட்டில் போய் நின்றேன். அவர்களுக்கு முதுகைக் காட்டி, குடையையும் பின்னால் சாய்த்துக்கொண்டு, எதிர்மலையைப் பார்த்துச் சத்தமாகப் பேசினேன். "தாத்தா, யாரோட பேசுறீங்க, அட்டைப்பூச்சியோடயா?" என்று கீழேயிருந்து ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

என் மகள் தீபாவளிக்கு வரவேண்டும், வந்தால் எங்கே குளிப்பாள், நீங்களே சொல்லுங்கள் என்றேன். சிரிப்பு நின்றது.

ஜீவராணிதான் முதலில் பேசினாள். "எங்களுக்கு இருக்கிற ஒரே மறைவு இதுதான் தாத்தா. இன்னைக்கு இத விட்டுக் குடுத்தா, நாளைக்கு எவன் எவன் வருவானோ" என்றாள். அவள் பயத்தையும் நான் தப்பு என்று சொல்லவில்லை.

அப்போது கொழுந்தெடுக்கிற தனுஜா கேட்டாள்: "ஜீவாக்கா, அன்னைக்கு அவனுங்க பாவாடையப் புடிச்சு இழுத்தானுங்களே. நம்மள அப்புடி இழுத்தா நம்ம எங்க ஓடி வருவோம்? இங்கதானே. அந்தப் புள்ள எங்க ஓடும்?"

பிறகு ஒருத்தி, "நெஞ்சுக்கு மேல பாவாடையக் கட்டிக்கிட்டுத்தானே எல்லாரும் குளிக்கிறோம், சசியும் அப்புடியே கட்டட்டும்" என்றாள். இன்னொருத்தி வரச் சொல்லுங்க என்றாள். அப்புறம் யார் குரல் என்று பிரிக்க முடியாதபடி எல்லாரும் சொன்னார்கள். மகளே, குடைக்குள்ளே நான் அழுதேன். முதுகைக் காட்டி நின்றதால் யாருக்கும் தெரியாது. ஜீவராணி மட்டும், தான் குளித்துவிட்டுப் போன பிறகு நீ வரலாம் என்றாள். அதுவே போதும் என்று வந்துவிட்டேன்.

எப்போதும் கடிதம் எழுதித் தரும் கடைக்கார றஊப் நானாவிடம் இந்தத் தடவை போகவில்லை. வேண்டுமென்றே ஜீவராணியிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவும் அவள் கையெழுத்துத்தான். அவளைப் பற்றிய இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பால்மா கரைக்கப் போனாள். வந்து எழுதினாள். ஒரு சொல் விடுபட்டாலும் தனுஜாவை வாசிக்கச் சொல்லிக் கண்டுபிடிப்பேன் என்றேன். கண்டுபிடிங்க என்கிறாள்.

ஆகையால் நீ வா. ரப்பர் மலைப் பாதை வேண்டாம். தீபாவளிக்கு முதல் நாளே, வெளிச்சம் இருக்கும்போதே பஸ்ஸை விட்டு இறங்கு, நான் அங்கே நிற்பேன். லயத்து முன்ரோட்டிலேயே இரண்டு பேரும் நடந்து வருவோம். அந்தப் பதினொரு பேரும் பார்க்கட்டும்.

மகளாகவே நூறு வருஷம் நல்லா இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
வேலாண்டி
(பெருவிரல் அடையாளம்)

சசி, இது நானாக எழுதுவது. தாத்தாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. தீபாவளியன்று காலை ஆறு மணிக்கெல்லாம் பீலியில் கூட்டம் சேர்ந்துவிடும். ஐந்தரைக்கே வந்துவிடு. நானும் அப்போதுதான் வருவேன்.
ஜீவராணி