இடது கோல்போஸ்ட்

ஜனவரி 20, செவ்வாய்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பள்ளி மரக் கணக்கெடுப்பில் இதுவரை நான் கண்டது வேம்பு, வேம்பு, தூங்குமூஞ்சி, வேம்பு. இன்று எங்கள் வியாசர்பாடி மைதானத்தில் இடது கோல்போஸ்டாக நிற்கிற மரத்தடியில் ஒரு காயைப் பொறுக்கினேன். நடுவில் வீங்கிய குட்டி அப்பளம் மாதிரி. மூன்று மூன்றாய் இலை. முதலைத்தோல் பட்டை. செம்மரம்! காட்டிலேயே அருகிவரும் செம்மரம்! பிறந்ததிலிருந்து அதன்மேல்தான் பந்தடிக்கிறோம். அம்மா போனில் படம் எடுத்து, பள்ளியின் இணைய வரைபடத்தில் ஏற்றி, சரியாக அதன் தலையிலேயே புள்ளி வைத்துவிட்டேன்.

ஜனவரி 21

என் புள்ளியை முப்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள்!!

ஜனவரி 22, வியாழன்

ரோஸ்மேரி மிஸ் வகுப்பில் சொன்னார்: "வெட்டிக் கடத்துற மரம்னா இடத்தை மறைச்சுதான் போடணும். வரைபடத்தை யார் வேணா பார்க்கலாம்." மறைக்கும் பொத்தானை நான் அழுத்தவே இல்லை. இனி மிஸ்ஸால்தான் மாற்ற முடியும். சொன்னால் கணக்கெடுப்புக் குழுவிலிருந்து தூக்கிவிடுவாரோ? சொல்லவில்லை. எவனாவது வந்து வெட்டிட்டா? ஐயோ, இன்னா பண்ணி வச்சிருக்கேன் நான்!

ஜனவரி 24, சனி

எங்கள் கோல்கீப்பர் செங்கொடியிடம் மட்டும் சொன்னேன். "இவ்ளோதானா? போஸ்ட்டுன்னா வெள்ளையாத்தானே இருக்கணும்" என்றாள். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு அவள் வீட்டில் அரை வாளி மிச்சம். கைக்கு எட்டும்வரை அடித்தோம். மரத்தைவிட எங்கள்மேல்தான் அதிகம். சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

வந்துவிட்டார்கள். பைக்கில் இரண்டு பேர். அவர்கள் போனில் நான் எடுத்த படம்!

"இங்க செம்மரம் எங்கம்மா கீது?"

செங்கொடி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "இங்க கீறது போஸ்ட்டுதான் நைனா. ஒரு பெனால்டி அடிச்சிக்கிறியா?" என்றாள். டீமே சிரித்தது. போய்விட்டார்கள். ஆனால் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். இலைக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியாதே.

ஜனவரி 26

கொடியேற்றி முடித்ததும் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வாயில் மிட்டாயோடு, அழுதபடி. மிஸ் திட்டவில்லை. பொத்தானை அழுத்தினார். உடனே வனத்துறைக்குப் போன் போட்டார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வனத்துறை மேடம் டேப் சுற்றி அளந்தார். சுற்றளவு தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். அவர் கையெல்லாம் வெள்ளை.

"யாரும்மா சுண்ணாம்பு அடிச்சது?"

"கிளப்பு ரூலு மேடம்" என்றாள் செங்கொடி.

மரத்துக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். ரோந்து போலீசிடமும் சொல்லியாயிற்று. வரைபடத்தில் இப்போது புள்ளி இல்லை. வியாசர்பாடி முழுவதையும் மூடுகிற ஒரு பெரிய வட்டம். அதற்குள்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

சரியான இடம் எழுதியிருப்பது வனத்துறைப் பதிவேட்டிலும் இந்த நோட்டிலும் மட்டும். இத்தனை நாள் நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன். இன்றிலிருந்து அரிசிக்கு உள்ளே.