நான்காவது படம், பெண் செடி

11-8-2025, திங்கள்

முதலில் மன்னிப்பு. செடிகளின் படம் வரைய வாங்கிய ரெக்கார்டு நோட்டு இது. எம்.எஸ்ஸி. முடித்தபின் மீந்த பக்கங்களில் சொந்தக் கதை எழுதப் போகிறேன். எனக்கு வாயால் சொல்ல வராது, அதனால்தான்.

குறிஞ்சிப்பாடி அத்தை மகன் சித்தார்த் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். தண்டில் காம்பு சேரும் கணு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "மதி, இது ஆணா பொண்ணா? பூக்கறதுக்கு முன்னாடியே நீ சொல்லிடுவியாமே."

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். என்ன படிக்கிறாய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அத்தைக்கு அது 'எல எண்ணுற படிப்பு'. பி.எச்டி.க்காகச் சிதம்பரம் போகும் ரயிலில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கணுவில் சின்ன உருண்டை, ஆண் மொட்டு. ஆண் என்று எழுதி, என்ன செடி என்று கேட்டேன்.

"புளிச்சக்கீர புள்ள. மாடியில வெச்சிருக்கேன்."

19-8, செவ்வாய்

புளிச்சக்கீரையில் ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே பூவில் இரண்டும் இருக்கும். அது அவருக்குத் தெரியாது.

இன்று நான்கு படங்கள். எல்லாவற்றிலும் இலையை வெட்டிவிட்டிருந்தார். நான்காவதில் மட்டும் ஓரத்தில் ஓர் இலை பாதி தப்பி நின்றது. கஞ்சா.

அதன் கணுவில் இரண்டு வெள்ளை முடி, பெண் பூவின் அடையாளம். 'நான்காவது படம் பெண். மற்றதெல்லாம் ஆண்' என்று அனுப்பினேன்.

தெரிந்தும் ஏன் அனுப்பினேன்? 'நீ சயின்டிஸ்ட் புள்ள' என்று போட்டிருந்தார். அதற்காகவா? அதற்காகத்தான்.

என் பதிலைப் பார்த்ததும், அவர் அனுப்பியதையெல்லாம் அழித்துவிடுகிறார். சங்கடம் போலும்.

31-8, ஞாயிறு

படங்கள் இன்னும் வருகின்றன, என் பதிலும் போகிறது. 'வேணாம் மாமா, பிடுங்கிடுங்க' என்று தட்டினேன். அனுப்பவில்லை.

14-9, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து, அத்தை வீட்டு மாடிக்குப் போலீஸ் போயிருக்கிறது. ஐந்து செடி, எல்லாம் பெண். போதை பெண் செடியில்தான் என்பதால், நான் ஆண் என்றதையெல்லாம் பிடுங்கியிருக்கிறார். மாமா ஸ்டேஷனில் இருக்கிறார். "என்னுது இல்ல சார், மாமன் பொண்ணு ஆராய்ச்சிக்கு வெச்சது" என்று சொல்லி, என் செய்திகளைக் காட்டியிருக்கிறார்.

என் போனைத் திறந்து பார்த்தேன். அவர் பக்கத்தில் வரிசையாக 'நீக்கப்பட்டது', 'நீக்கப்பட்டது'. மிச்சம் இருப்பது என் வரிகள் மட்டும். இது ஆண். இது பெண். நான்காவது படம் பெண்.

சங்கடம் இல்லை. முதல் நாளே யோசித்து வைத்திருக்கிறார்.

15-9, திங்கள்

நெல்லிக்குப்பத்தில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அப்பா வந்தார். கூடவே அத்தை.

"ஒரு லெட்டர்தானடி. ஆராய்ச்சிக்கு வளக்கச் சொன்னோம்னு உங்க மேடத்துகிட்ட வாங்கியா. படிச்ச புள்ளைய போலீசு என்னா பண்ணிடப் போறான்?"

"அந்தச் செடிய வீட்டுல வளக்க யாருக்கும் அனுமதி கெடையாது அத்தை. என் பி.எச்டி. சீட்டே போயிடும்."

"போனா போவுது, இன்னொரு எல எண்ணு. அவனுக்கு இருவதாந்தேதி சிங்கப்பூரு பிளைட்டு."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீதான் வெச்சேன்னு சொல்லிடு மதி. பொம்பளப் புள்ளைய ஜாஸ்தி கெடுபிடி பண்ண மாட்டாங்க."

"நான் வெச்சேனாப்பா?"

"நீ வெக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியுமாம். தெரிஞ்சேதான் சொல்றாரு. மாமா செஞ்சது கூட இப்படி வலிக்கல. பட்டம் வாங்கினா கவசம் போட்ட மாதிரின்னு நெனைக்கறாங்க. இருக்கறது ஒரே ஒரு சீட்டு, அதை எடுத்து அவருக்கு முட்டுக் குடுக்கணுமாம் —

16-9, செவ்வாய்

சிதம்பரம் போனேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்தின் அறை வாசலில் நின்றேன். "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம்" என்று திரும்பிவிட்டேன். லெட்டர் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி போய் இறங்கி, தனியாக ஸ்டேஷனுக்குப் போனேன்.

பெண் எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். "செடி உன்னுதா?"

"இல்ல."

"ஆணா பொண்ணான்னு சொன்னது?"

"நான்தான்."

"என்ன செடின்னு தெரிஞ்சா?"

"மொத தடவ தெரியல. அப்புறம் தெரிஞ்சுதான் சொன்னேன்."

விசாரணைக்கு மறுபடி கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்திருந்த மாமா, "ஏ புள்ள, குடும்பத்த நெனச்சுப் பேசு" என்றார். எஸ்.ஐ. அவர் போனை வாங்கிப் படங்களைத் திறந்தார். நாற்று விட்ட நாளிலிருந்து எல்லாம் இருந்தன. இலையோடு. ஒன்றில் செடி உயரத்துக்கு மண்டியிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அனுப்பியதை அழித்தவருக்கு இதை அழிக்க மனசு வரவில்லை.

வழக்கு அவர் மேல். என்னைச் சாட்சியாக வைப்பதா, என் மேலும் வழக்குப் போடுவதா என்று நாளைக்குத்தான் சொல்வார்களாம்.

17-9, புதன்

விடிந்துவிட்டது. அப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அத்தை போனில் திட்டியதை மட்டும் நின்று கேட்டுக்கொண்டார்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் சாப்பாட்டுப் பையின் மேல், எடுக்கும்போதே தெரிகிற மாதிரி வைக்கப் போகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்.

அப்பா, நான் செஞ்ச தப்பையும் நேத்து சொல்லிட்டேன். மாமாவைக் காப்பாத்தச் சொல்லி இனிமே கேக்காதீங்க. பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வீட்டுப் பெரியவங்க ஒருத்தரோட வரச் சொல்லியிருக்காங்க. நீங்க வரணும். ஒண்ணும் பேச வேண்டாம். என் பக்கத்து நாற்காலியில உட்காருங்க, போதும்.