நாங்கள் பிடுங்கிய நாணல்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம் அக்கா, ரத்தான சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் திரும்பி வந்துவிட்டது, உங்கள் ஏழு வருட வழக்கு ஜெயித்தே விட்டது!

முப்பத்தெட்டுப் பக்கத் தீர்ப்பையும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். லேப் வேலையில் இருந்தபோது நீங்கள் சோதித்த தண்ணீரின் அளவுகள் பன்னிரண்டாம் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. அதுதான் இப்போது என் போன் முகப்பு.

உங்கள் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்.

அடுத்ததை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றார் அவர். "ஒரு வாரமாவது அவ சந்தோஷமா இருக்கட்டும்மா." என்னால் முடியவில்லை.

நீங்கள் வெளியூர் போனபின் நம் இணையப் பக்கத்தை நான்தானே நடத்துகிறேன். போன மாதம் சதுப்பைச் சுத்தம் செய்யலாம் வாருங்கள் என்று பதிவு போட்டேன். அறுபது பேர் வந்தார்கள். குப்பையை எடுத்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாணல் புதர் மாதிரி அசிங்கமாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். பாலத்திலிருந்து சாயப்பட்டறை மதில் வரை வேரோடு பிடுங்கினோம். பிடுங்கி முடித்தபின் எடுத்த வீடியோவுக்கு ஒன்பதாயிரம் லைக்.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பின்படி எல்லைக்கல் நட சர்வேயர் வந்தார். நாணல் எதுவரையோ சதுப்பும் அதுவரைதானாம். "தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். செடிதான்மா சாட்சி. இங்க வெறும் சேறுதான இருக்கு?" கல் பாலத்தோடு நின்றுவிட்டது. பட்டறைக் கழிவு விழும் இடம், நீங்கள் எந்த இடத்துக்காக வழக்குப் போட்டீர்களோ அந்த இடம், சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

உங்கள் அப்பா தினமும் காலையில் ஒரு கட்டு நாணலோடு போய் அந்தச் சேற்றில் நடுகிறார். புதிதாக நட்டது கணக்கில் வராது என்று சர்வேயர் சொன்னதை அவரும் கேட்டார். நானும் கூடப் போகிறேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அக்கா. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆட்சேபணை கொடுக்க இருபத்திரண்டு நாள் இருக்கிறது. நாணல் இருந்ததைக் காட்டும், தேதியுள்ள பழைய படம் வேண்டும். பிடுங்கும் முன் நான் படம் எடுத்ததெல்லாம் குப்பையை மட்டும். உங்களிடம் இருப்பதை அனுப்புங்கள். ஊரைவிட்டுப் போன எல்லோருக்கும் இந்தக் கடிதத்தை அனுப்புங்கள், நான் செய்ததை மறைக்க வேண்டாம். கல்யாண ஆல்பமோ, பாலத்தில் நின்று எடுத்த செல்ஃபியோ, பின்னால் நாணல் தெரிந்தால் போதும்.

படம் கிடைக்காவிட்டாலும் பதில் போடுங்கள் அக்கா. திட்டியாவது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை என்று எழுதக் கை கூசும்
உங்கள் தங்கை